கரையில் சொன்னது

நாகைக் கடற்கரையைப் பற்றிய புத்தகத்தை இளவேனில் திருச்சி காட்டூரில், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்தே எழுதி முடித்தாள். அதற்காக ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தக் கரையில் பிறந்து, கல்யாணமாகித் திருச்சிக்கு வரும்வரை அங்கேயே இருந்தவள். ஆனால் எழுதும்போது மட்டும், முதன்முதலாக அங்கே பஸ்ஸை விட்டு இறங்கியவளைப் போல எழுதினாள்.

கடைமடை விவசாயிகளுக்கு ஒரு பக்கம். நாகூர் தர்காவைச் சுற்றியுள்ள மரைக்காயர் வீடுகளுக்கு ஒரு பக்கம். வேதாரண்யத்தில் உப்பு வாருகிறவர்களுக்கு அரைப் பக்கம். கோடியக்கரையில் பனிக்காலத்தில் வந்திறங்கும் பறவைகளுக்கு இரண்டு பக்கம், படங்களோடு. மீனவக் குப்பங்களுக்கு வந்தபோதுதான் கை நின்றது. 'நாங்கள்' என்று எழுதுவதா, 'அவர்கள்' என்று எழுதுவதா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'அவர்கள்' என்றே எழுதினாள். எழுதியதும் மனசு லேசானது போலிருந்தது. அந்த லேசு எதற்கென்று அப்போது அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஸ்ரீரங்கத்தில் சுற்றுலாக் கையேடுகள் போடும் ஹரிபிரசாத்துக்குப் பல வருஷமாகப் பிழை திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொந்தமாக எழுதச் சொன்னது அதுதான் முதல் முறை. படித்துவிட்டு அவர் சொன்னார்: "எல்லாம் சரியா இருக்கு மேடம். ஆனா இதெல்லாம் நெட்லயே கிடைக்கறது. யாருக்கும் தெரியாத ஒண்ணு, உயிரா ஒண்ணு வேணும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, ஒரே மூச்சில் ஒரு பத்தி எழுதினாள். தாத்தன் பாரைப் பற்றிய பத்தி.

பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் கல் திட்டு. மீன் அங்கேதான் அண்டும், அங்கேதான் குஞ்சு பொரிக்கும். மேலே இருந்து பார்த்தால் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாது. கரையில் இருக்கும் பொருள்களை வைத்துத்தான் இடத்தைப் பிடிக்க வேண்டும். உப்புக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் பின்னால் சவேரியார் கோயில் கோபுரம் மறைய வேண்டும். அதே சமயம் தெற்கே ஒற்றைப் பனை, வெளிச்ச வீட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். இரண்டும் கூடும் இடத்தில் படகுக்கு அடியில் தாத்தன் பார். அவள் பிறந்த புதுமணல்குப்பத்து ஆம்பளைகளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு அது. பையன்கள் முதல் தடவை படகேறும்போது, மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்து, கடலில் சொன்னதைக் கரையில் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்வார்கள்.

அவளுடைய அப்பா சொன்னது கரையில்தான். அண்ணன் நவநீதனுக்கு எதுவும் சட்டென்று மண்டையில் ஏறாது. படகேறும் முன்னால் பாடமாகட்டும் என்று இருட்டில் பாயில் படுத்தபடி, வாய்ப்பாடு மாதிரி அப்பா திரும்பத் திரும்பச் சொல்வார். அண்ணன் தூங்கிப் போவான். பக்கத்துப் பாயில் படுத்திருந்த இளவேனிலுக்குப் பாடமாகிவிட்டது.

"மேடம், இந்தப் பத்தியைப் படிச்சுட்டு உடம்பு சிலிர்த்துடுத்து" என்று ஹரிபிரசாத் போனில் சொன்னார். அவள் எழுதிய எதையும் பற்றி அதற்கு முன் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அடுப்பில் சோறு குழைந்து போனது. அதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் வடித்தாள்.

புத்தகம் வந்து ஒன்றரை வருஷமாகிவிட்டது. இங்கிலீஷிலும் போட்டார்கள்.

*

நவநீதன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். காலை நேரம், அவள் கணவன் அன்புச்செல்வன் பொன்மலைப் பணிமனைக்கு அப்போதுதான் கிளம்பியிருந்தான். அண்ணனின் வலது கை புறங்கையில் பன்னு போல வீங்கிக் கிடந்தது. துண்டால் சுற்றி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

"என்னண்ணே இது?"

"கொஞ்சம் அடி. நாகப்பட்டினத்துல காட்டுனா ஊரு பூரா தெரிஞ்சிடும். இங்க யாராச்சும் எலும்பு டாக்டரு இருந்தா காட்டு."

"வலை இழுக்கும்போதா?"

"காப்பி போடுறியா, கோர்ட்டு வைக்கிறியா?"

புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எக்ஸ்ரே எடுக்கிற ஆள், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணாச்சி, சுண்டு விரலுக்குக் கீழ இந்த எலும்பு ஒடஞ்சா ரெண்டே காரணம்தான். ஒண்ணு சுவத்தைக் குத்தியிருக்கணும், இல்ல ஆளைக் குத்தியிருக்கணும். நீங்க சுவரா, ஆளா?"

"ஆளு."

"சுவத்தைவிட மேல்தான். அதுலயாவது திருப்தி இருக்கும்."

நவநீதன் சிரிக்கவில்லை. மாவுக்கட்டுக்கு வரிசை நீளமாக இருந்தது. மருந்து வாடையும் ஈரத் தரையின் பினாயில் வாடையும் கலந்த நடையில், சுவரோரப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"யாரைண்ணே அடிச்சே?"

"அடைக்கலராசை."

அடைக்கலராஜ் நவநீதனின் படகுக் கூட்டாளி. தெற்கேயிருந்து வந்து, குப்பத்தில் பெண்ணெடுத்து, அங்கேயே தங்கிவிட்டவன். அவன் கட்டிக்கொண்ட வெள்ளையம்மாள் இளவேனிலோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்கிறவள்.

"பல்லு ரெண்டு போயிடுச்சு. தாடை வீங்கிக் கஞ்சிதான் குடிக்கிறானாம்" என்றான் நவநீதன். குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. "நாலு வருசம் என் படகுல பக்கத்துல உக்காந்து வந்தவன்டி. நான்தான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய்க் கற்பூரம் அடிக்க வச்சு, பாரு அடையாளத்தைச் சொல்லிக் குடுத்தேன். மாதாவைக் கும்புடுற வேதக்காரன், நம்ம கோயில் சத்தியம் அவனுக்கு நிக்குமான்னு அப்பவே ஊருல கேட்டாங்க. நான் பொறுப்புன்னு சொன்னேன்."

"அவரு என்ன பண்ணுனாரு?"

"வித்துட்டான். தாத்தன் பாரை வித்துட்டான்."

அவன் சொல்லச் சொல்ல, அவள் தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சவுக்குத் தோப்பில் புதிதாக வந்த ரிசார்ட். அங்கே வருகிறவர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டும் வேலைக்கு அடைக்கலராஜ் சனி ஞாயிறு போவான். போன தை மாசம் ரிசார்ட் படகு ஒன்று நேராகப் பாரில் போய் நின்றது. வெள்ளைக்காரன் ஒருவன் தூண்டில் போட்டு, கை நீளத்துக்குக் கலவா மீன் பிடித்துப் படம் எடுத்துப் போட்டான். இடம் ஜிபிஎஸ்ஸில் ஏறிவிட்டது. அதன் பிறகு எங்கிருந்தெல்லாமோ படகு வந்தது. வலையை விட்டார்கள். கல்லில் மாட்டிய வலையை அறுத்துவிட்டுப் போனார்கள். அறுந்த வலை பாரைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. அதில் மாட்டி மீன் தானாகச் செத்து, தானாக அழுகுகிறது.

"முங்கிப் பாத்துட்டு வந்து பையனுங்க அழுறானுவ. சங்கரா இல்ல, கலவா இல்ல. மழைக்காலம் முடிஞ்சா எங்கயும் ஒண்ணும் படாது, ஊரே அந்தப் பாரை நம்பித்தான் கஞ்சி குடிக்கும். இந்த வருசம் பாதிப் படகு கரையில குப்புறக் கெடக்கு. ஆளுங்க திருப்பூருக்குப் போயிட்டானுவ."

"அடைக்கலராஜ் ஒத்துக்கிட்டாரா?"

"இல்லங்கிறான். மாதா மேல ஆணையா இல்லங்கிறான். பாருக்குப் போறதுக்கு முன்னாடியே அவனுங்களுக்கு இடம் தெரிஞ்சிருந்துச்சு, என்னைப் படகை மட்டும்தான் ஓட்டச் சொன்னானுங்கங்கிறான். கேக்குறவன் கேனயனா? அப்பத்தான் விட்டேன் ஒண்ணு."

நாளைக்குச் சாயங்காலம் ஊர்க்கூட்டம். அடையாளம் சொல்லிக் கொடுத்தவன் நவநீதன் என்பதால், அவன்தான் கற்பூரத்தின் முன்னால் நின்று சொல்ல வேண்டும்: என் வழியாக இவனுக்குத் தெரிந்தது, இவன் வழியாக வெளியே போனது என்று. அவன் சொல்லிவிட்டால் அடைக்கலராஜ் குடும்பத்தை ஊர் ஒதுக்கி வைத்துவிடும். யாரும் பேச மாட்டார்கள். கடையில் சாமான் கிடையாது. பிடித்த மீனைக் கரையில் யாரும் ஏலம் எடுக்க மாட்டார்கள். செத்தாலும் தூக்க வர மாட்டார்கள்.

"நீ அடிச்சதுக்கப்புறம் தப்புன்னு தெரிஞ்சா?" என்று கேட்டாள். தன் குரல் வேறு யாருடையதோ போல் கேட்டது.

"என்ன தப்பு?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அந்த நடையில், அந்தப் பெஞ்சில் வைத்தே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். "நவநீதன் யாருங்க?" என்று கட்டுப் போடுகிற அறையிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பாடா என்று அவள் மனசு சொன்னது. மனசு அப்படிச் சொன்னதை அவள் கேட்டாள். அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

*

புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்குத் திருத்திய பக்கங்கள் அவள் பையில் இருந்தன. அன்று மதியத்துக்குள் ஸ்ரீரங்கத்தில் கொடுத்தாக வேண்டும். நாளைக்குக் கொடுக்கிறேன் என்று போன் செய்திருக்கலாம். அண்ணனை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போயிருக்கலாம். அவள் இரண்டையும் செய்யவில்லை. "ஒரு அஞ்சு நிமிச வேலைண்ணே, குடுத்துட்டு வந்துடலாம்" என்று சொல்லி அவனையும் பஸ்ஸில் ஏற்றினாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது அண்ணன் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தான். மணல்தான் அதிகம், ஓரமாக ஒரு கோடு தண்ணீர்.

"இதுல மிச்சம்தான் நமக்கு வருதாக்கும்" என்றான்.

ஏன் இவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். என் வாயால் சொல்ல முடியாததை வேறு யாராவது சொல்லிவிடட்டும் என்றா? அப்படித்தான் என்றால் அது தைரியமா, கோழைத்தனமா? இல்லை, ஒன்றும் நடக்காது, ஹரிபிரசாத் பக்கங்களை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார் என்று நம்பித்தான் போகிறேனா? இரண்டையும் ஒரே சமயத்தில் விரும்ப முடியும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சித்திரை வீதியில், பூக்கடைக்கு மாடியில் அலுவலகம். ஹரிபிரசாத் எழுந்து நின்று வரவேற்றார். நல்ல மனிதர். நெற்றியில் சன்னமாக ஒற்றை ஸ்ரீசூர்ணம். பேச்சில் எப்போதும் ஒரு குழைவு.

"வாங்கோ மேடம். சார் யாரு?"

"எங்க அண்ணன். ஊர்லேர்ந்து வந்திருக்காங்க."

"ஊரு எது சார்?"

"நாகப்பட்டினம் பக்கம், புதுமணல்குப்பம்" என்றான் நவநீதன்.

ஹரிபிரசாத் அப்படியே நின்றார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "மேடம்! நீங்க சொல்லவே இல்லையே! அதானே பார்த்தேன், கேட்டு எழுதினா அப்படி வராது. உக்காருங்கோ சார், உக்காருங்கோ. எங்க புஸ்தகத்துக்கே உங்க ஊர்தான் சார் ஜீவன்."

"சார், பக்கத்தை வச்சிட்டுக் கிளம்புறோம், அவங்களுக்குக் கை வலி" என்றாள் இளவேனில்.

"ஒரு நிமிஷம் மேடம்." அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அது தானாகவே அந்தப் பக்கத்தில் விரிந்தது. "இதை நான் எத்தனை பேருக்குப் படிச்சுக் காட்டியிருக்கேன் தெரியுமோ? அங்க ஒரு ரிசார்ட்காரா ரூமுக்கு ஒண்ணுன்னு மொத்தமா வாங்கினதே இந்தப் பத்திக்காகத்தான். கேளுங்கோ சார்."

படித்தார். பாசுரம் சேவிக்கிற வீட்டுக் குரல். நிறுத்தி, நிதானமாகப் படித்தார். தண்ணீர்த் தொட்டிக்கு நேர் பின்னால் சவேரியார் கோயில் கோபுரம் மறைய வேண்டும். தெற்கே ஒற்றைப் பனை, வெளிச்ச வீட்டோடு ஒட்டி நிற்க வேண்டும்.

இளவேனில் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் மெல்ல மடங்கின. வலியில் திரும்ப விரிந்தன.

படித்து முடித்து ஹரிபிரசாத் நிமிர்ந்தார். "எப்படி சார்?"

நவநீதன் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பிறகு, "நல்லா படிக்கிறீங்க" என்றான்.

*

கீழே வந்து, கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். ராஜகோபுரம் தாண்டி, கரும்புச்சாறு வண்டி ஒன்றின் ஓரத்தில் அவன் நின்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா உனக்குச் சொல்லிக் குடுத்தப்போ கேட்டேன்."

"அப்பாதான் சொன்னாரா? கரையிலயா? வீட்டுக்குள்ளயா?"

"உனக்குப் பாடம் வரலைன்னுதானே அண்ணே சொன்னாரு."

அவன் முகம் கறுத்தது. அவளை அடிப்பானோ என்று ஒரு கணம் தோன்றியது. அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எதுக்குடி எழுதுனே? காசு எதுவும் அதிகமா குடுத்தானா?"

"இல்ல."

"பின்ன?"

நல்லா இருக்கு என்று ஒருத்தர் சொல்ல வேண்டும் என்பதற்காக. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? தன்னிடமே இப்போதுதான் சொல்லிக்கொள்கிறாள். "தெரியலண்ணே" என்றாள். "நாளைக்கு நானும் வர்றேன். கூட்டத்துல நான் சொல்லிடறேன். அடைக்கலராஜ் மேல தப்பில்லைன்னு நானே சொல்லிடறேன்."

அவன் சிரித்தான். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான்.

"புஸ்தகத்துல ஊரைப் பத்தி எல்லாம் எழுதினியே, இதை மறந்துட்டியா? கூட்டத்துல பொம்பள ஏற முடியுமா? கோயிலுக்கு வெளிய நின்னு அழலாம். உன் பேச்சை உன் பொறந்த வீட்டு ஆம்பளதான் உள்ள சொல்லணும். அது நான்தான்."

"அப்ப நீ சொல்லுண்ணே."

"என்னன்னு சொல்லட்டும்? எங்கப்பன் சத்தியத்தை மீறிப் பொட்டப்புள்ள காதுல விழுற மாதிரிச் சொன்னான், அவ கரையேறிப் போயி அச்சடிச்சு வித்தா, நான் ஒண்ணும் தெரியாம ஒரு பாவிப் பயலோட பல்லை ஒடச்சேன்னா? அடைக்கலராசுக்கு வர்றது எனக்கு வரும். வரட்டும். நிஷாவுக்குத் தையில கல்யாணம் பேசியிருக்கு. ஒதுக்கி வச்ச வீட்டுல எவன்டி வந்து தாலி கட்டுவான்? செத்துப்போன அப்பன் பேரைக் கோயில் வாசல்ல நின்னு துப்புவானுவ."

"அவங்களுக்கும் புள்ளைங்க இருக்குண்ணே."

"சின்னப் புள்ளைங்க" என்றான். சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே கேட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

கரும்புச்சாறுக்காரர், "ரெண்டு போடவாண்ணே?" என்று கேட்டார். வேண்டாமென்று அவள் கையசைத்தாள்.

"நான் கற்பூரத்துக்கு முன்னாடி நின்னு பொய் சொல்லப் போறேன்" என்றான் நவநீதன். "அது எனக்கு. நீ வாயைத் திறக்கக் கூடாது. அது உனக்கு. வெள்ளையம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன்னு தெரிஞ்சுது, எனக்குத் தங்கச்சி இல்ல."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றான். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, சத்திரம் போகிற பஸ்ஸில் தொற்றி ஏறினான். கட்டுப் போட்ட கைக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.

*

அண்ணனுக்குத் தெரியாமல் சொல்ல முடியும். வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் நினைத்தாள். வெள்ளையம்மாளிடம் சொன்னால் அடைக்கலராஜ் கூட்டத்தில் புத்தகத்தையே காட்டலாம். அவன் ஆம்பளை, அவனைப் பேசவிடுவார்கள். இன்னும் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருக்கிறது.

நிஷாவின் முகம் வந்தது. அண்ணன் மகள், போன முறை பார்த்தபோது, "அத்தை, நீங்க எழுதுன புக்கு ஒண்ணு எனக்குக் குடுங்க" என்று கேட்டவள். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமலே இருந்தாள். மறந்துபோயிற்று என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தாள். மறக்கவில்லை. அந்தப் புத்தகம் குப்பத்துக்குள் போகக் கூடாது என்று அவளுக்குள் ஒருத்தி முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்படியென்றால் எழுதும்போதே தெரியும். அரிசி கொதிக்கும்போதே தெரியும்.

இதை நினைத்ததும்தான் போனை எடுத்தாள்.

மணி அடித்த உடனே வெள்ளையம்மாள் எடுத்துவிட்டாள். "வேனிலு! நூறு ஆயுசுடி உனக்கு. உனக்குத்தான் போடணும்னு இருந்தேன். உங்கண்ணன் கைய ஒடச்சிக்கிட்டாராமே? என் வீட்டுக்காரரு தாடை அவ்வளவு கெட்டி, பாத்துக்க." சிரிக்கத்தான் பார்த்தாள், குரல் உடைந்தது. "அவரு அந்தத் தப்பைப் பண்ணலடி. நீயாவது நம்புறியா?"

"நம்புறேன் வெள்ளை."

"போதும். ஊருல ஒருத்தர்கூட அப்படிச் சொல்லல."

"வெள்ளை, நான் ஒண்ணு சொல்லணும்."

"இருடி, நான் சொல்லிடறேன், காசு தீந்துடும். நாளைக்குக் கூட்டம் வரைக்கும் நாங்க இருக்கப்போறதில்ல. இன்னிக்கு ராத்திரியே கெளம்புறோம். அத்தனை பேருக்கு முன்னாடி அவரைக் கும்பிட்டு விழச் சொல்லுவாங்க, என்னால பாக்க முடியாது. உங்கண்ணனும் பாவம், கற்பூரத்துக்கு முன்னாடி நிக்க வேணாம். ஆளில்லன்னா அதோட முடிஞ்சுடும். அங்க காட்டூர் பக்கம் ஒரு ரூமு, ஓடு போட்டதா இருந்தாலும் சரி, பாத்துக் குடுப்பியா? எனக்கு வேற யாருடி இருக்கா?"

ஓடிப்போனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. அது வெள்ளையம்மாளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கிளம்புகிறாள். போகாதே, புத்தகத்தைக் காட்டு, நான்தான் எழுதினேன் என்று சொன்னால் போதும். இரண்டு வாக்கியம். இளவேனிலுக்கு வாக்கியம் எழுதத் தெரியும்.

இவர்கள் போய்விட்டால் கூட்டம் நடக்காது என்று அவளுக்குள் ஒரு குரல் கணக்குப் போட்டது. அண்ணன் பொய்ச் சத்தியம் செய்ய வேண்டாம். நிஷா கல்யாணம் நடக்கும். வாடகைக்கு முன்பணம் நானே கொடுத்துவிடலாம். புள்ளைங்களை இங்கே ஸ்கூலில் சேர்த்துவிடலாம். எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்ளலாம். அந்தக் குரல் ரொம்ப நல்ல குரலாக இருந்தது. யார் கேட்டாலும் தங்கமான மனுஷி என்றுதான் சொல்லுவார்கள்.

"வேனிலு? இருக்கியா?"

"இருக்கேன்."

"என்னமோ சொல்லணும்னியே."

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் ஓயும்வரை காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல வெள்ளை. பால் பண்ணை வரைக்கும் போயிடாதீங்க, காட்டூர் ஸ்டாப்லயே இறங்கிடுங்க. நான் வந்து நிக்கிறேன்."

"நீ நல்லா இருப்படி" என்றாள் வெள்ளையம்மாள். "உன் குடும்பம் நல்லா இருக்கும்." அப்புறம் பக்கத்தில் யாரிடமோ, "சொன்னேன்ல? வேனிலு பாத்துக்குவா" என்றாள். தாடை கட்டிய ஒரு ஆளின் தெளிவில்லாத குரல் ஏதோ சொல்வது கேட்டது. "உனக்கு நன்றி சொல்லச் சொல்றாருடி."